டேனரிக்கு விற்கும் இயந்திரத்தின் கையேட்டைக் கோப்பாகக் கொடுக்க பிடிஎஃப் மட்டும் போதுமா?

ராணிப்பேட்டை சிப்காட்டில் பம்ப் செய்து டேனரிகளுக்கும் (தோல் பதனிடும் ஆலைகளுக்கும்) கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் விற்கிறோம், இதுவரை அச்சடித்த புத்தகம் கொடுத்தோம், இனிமேல் கோப்பாகக் கொடுக்கப் போகிறோம், பிடிஎஃப் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாலாஜாவில் இருந்துகொண்டு இந்த வட்டாரத்துக் கம்பெனிகளுக்குக் கையேடு எழுதித் தருவதுதான் என் தொழில். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிடிஎஃப் கட்டாயம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. வரைபடம், வயரிங், உதிரிப்பாகப் பட்டியல், எச்சரிக்கைப் பக்கங்கள் எல்லாம் பிடிஎஃப்பில் இருக்கட்டும். பழுது பார்க்கும் படிகளை மட்டும் தனியாக ஒரு எச்டிஎம்எல் கோப்பாகவும், அதாவது பிரவுசரில் திறக்கும் வலைப்பக்க வடிவிலும் கொடுங்கள். வேர்ட் கோப்பு உங்கள் ஆபீஸை விட்டு வெளியே போகவே கூடாது. இதற்கெல்லாம் முன்னால் தமிழ் எழுத்தைச் சரி பார்த்துவிடுங்கள். அங்கேதான் பெரும்பாலான கையேடுகள் கெட்டுப்போகின்றன.

இன்றும் பல டிடிபி கடைகளில் தமிழைப் பாமினியிலோ வானவில் எழுத்துருவிலோதான் அடித்துத் தருகிறார்கள். அவை யூனிகோடு இல்லை, அதாவது எல்லாக் கணினியும் போனும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீடு இல்லை. திரையில் தமிழாகத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும்தான் சேமிக்கப்பட்டிருக்கும். பிடிஎஃப் ஆக்கினாலும் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் ஃபிட்டர் போனில் அதைத் திறந்து ‘பேரிங்’ என்று தேடினால் ஒன்றும் வராது. எச்டிஎம்எல்லுக்கு மாற்றினால் மொத்தமும் குப்பையாகிவிடும். ஆகவே யூனிகோடில் அடித்துத் தாருங்கள் என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டு வாங்குங்கள். பழையதை மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு தடவை பிழை திருத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

யூனிகோடில் அடித்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. யூனிகோடு ‘பே’யைச் சேமிக்கும்போது ‘ப’ முதலில், இரட்டைக்கொம்பு பிறகு. காகிதத்தில் கொம்பு இடது பக்கம் வருகிறது. பிடிஎஃப் எழுத்தை வரைந்த வரிசையிலேயே வைத்துக்கொள்கிறது. சில மென்பொருள்கள் உருவாக்கும் கோப்பில் தேடுவதற்கும் அந்த வரிசைதான் மிஞ்சும், கொம்பு முன்னால் ஓடிவிடும், தேடல் தோற்றுப்போகும். நம் தொழிலில் தேடப்படும் சொற்களைப் பாருங்கள்: மோட்டார், பேரிங், பெல்ட், கேஸ்கட், செயின். எல்லாமே கொம்பு போட்டவை! வரைந்த எழுத்தோடு உண்மையான எழுத்துத் தொடரையும் சேர்த்து வைக்க பிடிஎஃப்பில் இடம் உண்டு. எல்லா மென்பொருளும் அதைச் செய்வதில்லை, அதுதான் சிக்கல். கோப்பு தயாரானதும் போனில் திறந்து ‘மோட்டார்’ என்று தேடுங்கள். அப்புறம் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள். உடைந்து வந்தால் அதே மூலத்தை வேறொரு மென்பொருள் வழியாக பிடிஎஃப் ஆக்குங்கள். ஒன்றில் உடைவது இன்னொன்றில் ஒழுங்காக வரக்கூடும்.

சரி, பிடிஎஃப்பை ஏன் கட்டாயம் என்கிறேன்? 1993இல் அடோபி வெளியிட்ட இந்த வடிவம் 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற பொதுத் தரமாகிவிட்டது. எந்த ஒரு கம்பெனியையும் நம்பி அது இல்லை. இதிலேயே நெடுங்காலம் பாதுகாக்க வேண்டியவற்றுக்காக பிடிஎஃப்/ஏ என்று ஒரு வகை 2005இல் வந்தது, ஐஎஸ்ஓ 19005. எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே இருந்தாக வேண்டும், கடவுச்சொல் போட்டுப் பூட்டக் கூடாது என்பவை அதன் விதிகளில் சில. டேனரியில் ஒரு பம்ப் பல வருஷம் ஓடும். இடையில் முதலாளி மாறுவார், மேனேஜர் மாறுவார். அன்றைக்கும் கோப்பு திறக்க வேண்டும். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும்போதே இந்த வகையைத் தேர்ந்தெடுக்கலாம், காசு செலவில்லை.

பிடிஎஃப்பின் குறை அதன் அகலம். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், போன் திரை அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆம்பூரிலோ மேல்விஷாரத்திலோ சுண்ணாம்பு டிரம் பக்கத்தில் நின்று, கிளவுஸைக் கழற்றி, ஒவ்வொரு வரிக்கும் பெரிதாக்கி இடமும் வலமும் தள்ளிப் படிப்பது அந்த ஆளுக்கு நாம் செய்யும் கொடுமை. எச்டிஎம்எல் திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். படங்களையும் அதே கோப்புக்குள் புதைத்து ஒற்றைக் கோப்பாக்கிவிடலாம். படங்களின் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும், பரவாயில்லை. நெட் இல்லாமலே திறக்கும், தகரக் கூரை ஷெட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது என்பது உங்களுக்கே தெரியும். இயந்திரத்தில் கியூஆர் கோடு ஒட்டுவது நல்லதுதான், ஆனால் கோப்பு கையிலும் இருக்க வேண்டும். இன்னொரு வசதி: வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் உருதுவிலும் கேட்பார்கள். வலமிருந்து இடம் ஓடும் எழுத்து எச்டிஎம்எல்லில் சிரமமில்லாமல் வரும்.

வேர்ட் வேண்டாம் என்பதற்குக் காரணம் பாதுகாப்பு. வேறு கணினியில் எழுத்துரு இல்லையென்றால் வரி நகரும், பக்கம் உடையும். ‘தொட்டியில் இறங்குமுன் வாயு சோதனை செய்யவும்’ என்ற எச்சரிக்கை தன் படியை விட்டுப் பிரிந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். டேனரிக் கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கும், ஆளைக் கொல்லும் வாயு அது. அந்த ஒரு வரி இடம் மாறுவதை நாம் ஏற்கவே கூடாது. தவிர, யார் வேண்டுமானாலும் ஒரு எண்ணைத் திருத்தி அடுத்தவருக்கு அனுப்பிவிடலாம்.

இபப் என்ற மின்னூல் வடிவம் தொழில்நுட்பமாக நல்லது, ஆனால் ஃபிட்டரின் போனில் அதைத் திறக்கத் தனிச் செயலி தேட வேண்டியிருக்கும். பழைய சிஎச்எம் உதவிக் கோப்பு விண்டோஸுக்காக 1997இல் வந்தது. இன்று இணையத்தில் இறக்கித் திறந்தால் பாதுகாப்புத் தடையால் பக்கம் வெறுமையாகத் தெரிவதுண்டு. விட்டுவிடுங்கள்.

வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஜேபெக் படமாக ஒட்டாதீர்கள். மெல்லிய கோடுகளைச் சுற்றிக் கறை படியும், பாகத்தின் எண் படிக்க வராது. வரைபடம் வரைந்த கேட் (CAD) மென்பொருளிலிருந்து நேராக பிடிஎஃப்பாக எடுங்கள், எச்டிஎம்எல்லுக்கு எஸ்விஜி, எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காத பட வடிவம் அது. வாட்ஸப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும். கோப்பின் பெயரில் மாடல் எண், பதிப்பு எண், தேதி மூன்றும் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும், ஜிப் செய்து அனுப்பும்போது தமிழ்ப் பெயர் சில கணினிகளில் உருக்குலைகிறது.

ஏற்கனவே விற்ற பம்ப்களின் அச்சுப் புத்தகங்களையும் விட்டுவிடாதீர்கள், அவற்றை வைத்திருப்பவர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள்தான். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, தமிழ் தெரிந்த டெசராக்ட் போன்ற இலவச ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள்) வழியாக ஓட்டி, தேடக்கூடிய பிடிஎஃப்பாக எடுங்கள். ஓசிஆர் எண்களில் தவறும். பிடிஎஃப்பில் ஓசிஆர் படித்த எழுத்து ஸ்கேன் படத்தோடு மறைந்து நிற்பதால் கண்ணுக்குத் தெரியும் எண் மூலத்தில் உள்ளதுதான். ஆனால் எச்டிஎம்எல் பதிப்புக்கு அந்த எழுத்தை எடுக்கும்போது அழுத்தம், வோல்டேஜ், எண்ணெய் அளவு ஒவ்வொன்றையும் புத்தகத்தோடு வைத்து ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.