டெக்சாஸில் புது வீடு வாங்கினால் நியூ ஜெர்சியைப் போலப் பத்து வருட உத்தரவாதம் கிடைக்குமா?

நியூ ஜெர்சியில் இருக்கும் மைத்துனர் தன் புது வீட்டுக்குப் பத்து வருடம் கவலையில்லை என்கிறார், டெக்சாஸில் நாங்கள் வாங்கப்போகும் வீட்டுக்கும் அது பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருந்தாது. அமெரிக்காவில் இது பெரும்பாலும் மாநிலச் சட்டத்தின் விஷயம். மைத்துனர் சொல்வதும் பாதிதான் சரி.

நியூ ஜெர்சியில் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி பில்டர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். புது வீட்டுக்கு உத்தரவாதமும் தந்தாக வேண்டும். ஆனால் வேலைப்பாட்டுக்கும் பொருள்களுக்கும் அது ஒரு வருடம், குழாய், மின்சாரம் போன்றவற்றுக்கு இரண்டு வருடம். பத்து வருடம் என்பது அஸ்திவாரம் போன்ற பெரிய கட்டுமானக் குறைகளுக்கு மட்டும். மூன்றாம் வருடம் குளியலறை ஓடு பெயர்ந்தால் மைத்துனர் கைக்காசைத்தான் போட வேண்டியிருக்கும். இன்னொன்றையும் அவரிடம் சொல்லிவையுங்கள்: உத்தரவாதத்தின்கீழ் ஒரு குறைக்கு முறையிட்டுவிட்டால், அதே குறைக்காக நீதிமன்றம் போகும் வழி அடைபட்டுவிடும்.

டெக்சாஸில் வீடு கட்டி விற்பவருக்கு மாநில உரிமமே தேவையில்லை. 2003-இல் இதற்கென ஓர் ஆணையம் அமைத்தார்கள். அது பில்டர்கள் பக்கம் சாய்கிறது என்று புகார்கள் குவிந்தன. 2009-இல் சட்டமன்றம் அதற்கு ஆயுள் நீட்டிப்புத் தரவில்லை.

அங்கேயும் 'பத்து வருடம்' என்ற பேச்சு காதில் விழும். அது உத்தரவாதம் அல்ல. அதற்குப் பிறகு வழக்கே போட முடியாது என்ற கெடு. 2023-இல் அதிலும் கை வைத்தார்கள். வேலைப்பாட்டுக்கு ஒன்று, குழாய், மின்சாரத்துக்கு இரண்டு, கட்டுமானத்துக்கு ஆறு என்று பில்டர் எழுத்தில் உத்தரவாதம் தந்தால், கெடு ஆறு வருடமாகச் சுருங்கிவிடும். எழுதிக் கொடுத்ததற்காக அவருக்கு நான்கு வருடம் சன்மானம்! வழக்குக்கு 60 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். பில்டர் நியாயமான தீர்வு ஒன்றை முன்வைத்து நீங்கள் மறுத்தால், பிறகு கிடைக்கும் இழப்பீடும் குறையலாம்.

கலிபோர்னியா வேறு வழியில் போனது. 2003 முதல் விற்கப்படும் புது வீடுகளில் எது குறை என்பதைச் சட்டமே விலாவாரியாக எழுதிவைத்திருக்கிறது. குழாய், மின்சாரத்துக்கு நான்கு வருடம்; பெரிய விஷயங்கள் பலவற்றுக்குப் பத்து. வழக்குக்கு முன் பில்டருக்குப் பழுதுபார்க்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது அங்கேயும் உண்டு. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். குறையா இல்லையா என்ற வாக்குவாதத்திலேயே காலம் கரைவது குறையும்.

டெக்சாஸில் உங்களுக்குச் சட்டத்தைவிட ஒப்பந்தம்தான் முக்கியம். புது வீட்டை விற்பவர் அதை ஒழுங்காகக் கட்டியிருப்பதாக வாக்களித்தவர் ஆகிறார் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1968-இல் சொன்னது. வேலையின் தரத்தை ஒப்பந்தத்திலேயே வரையறுத்துவிட்டால், நல்ல வேலைப்பாடு என்ற அந்த வாக்கை விலக்கிவிடலாம் என்று 2002-இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உத்தரவாதப் புத்தகத்தை முன்பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்குங்கள். வீடு கைக்கு வரும் நாளில் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தகராறு வந்தால் நீதிமன்றம் அல்ல, தனியார் நடுவர்தான் என்ற பிரிவு அநேகமாக இருக்கும். அந்த நடுவரை யார் தேர்ந்தெடுப்பது, கட்டணம் யாருடையது என்று பாருங்கள். உள்சுவர்ப் பலகை அடிப்பதற்கு முன் உங்கள் ஆள் ஒருவர் வந்து பார்வையிட அனுமதி உண்டு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் டெக்சாஸ் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பில்டர் சிபாரிசு செய்பவர் மட்டும் வேண்டாம்.