புது மன்க்கை அப்படியே எடுங்கள், புது ரேஞ்சருக்கு மட்டும் ஒரு திருத்தம் வேண்டும்

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து, பகடை உருட்டிக் கதைக்குள் பாத்திரமாக ஆடும் விளையாட்டு ஒன்றைப் பற்றி ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, நாங்கள் சனிக்கிழமை ராத்திரி மாமா வீட்டில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். நான்தான் டி.எம். (கதையை நடத்துபவன்). கையில் இருப்பது 2014 புத்தகம் ஒன்றுதான், எல்லாரும் 4ஆம் லெவல். 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் கிளாஸ்களை எல்லாம் மாற்றிவிட்டார்களாமே! மன்க் ஆடுகிறவன் இப்போதே மாறணும் என்கிறான். ரேஞ்சர் ஆடும் என் தங்கச்சிக்கு ரொம்ப எதிர்பார்ப்பு. பாலடின்காரன் மட்டும் வேண்டவே வேண்டாம் என்கிறான். ரேண்டில் அவ்வளவு விலை கொடுத்து வாங்கலாமா? நடுக்கதையில் மாறினால் எல்லாம் குழம்பிவிடுமா?"

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: கிளாஸ் என்பது பாத்திரத்தின் வகை. மன்க் வெறுங்கைச் சண்டைக்காரர், ரேஞ்சர் காட்டு வேட்டைக்காரர், பாலடின் புனித வீரர். முதலில் காசு விஷயம். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம், தம்பி. புது விதிகளின் இலவசப் பதிப்பான எஸ்.ஆர்.டி. 5.2ஐ, விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டது. 12 கிளாஸும் அதில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சப்கிளாஸ் (உட்பிரிவு) மட்டும்: மன்க்குக்கு ஓபன் ஹேண்ட், ரேஞ்சருக்கு ஹன்டர், பாலடினுக்கு டிவோஷன். விலைக்கு வரும் புத்தகத்தில் 48 சப்கிளாஸ். உங்கள் மேசையில் யாராவது கிளூம் ஸ்டாக்கர் என்ற ரேஞ்சர் சப்கிளாஸ்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் அப்போது எல்லாரும் பங்கு போட்டு வாங்கிக்கொள்ளலாம். இப்போது தேவையான பக்கங்களை மட்டும் பிரின்ட் எடுத்து வையுங்கள், போனை நம்பி உட்கார்ந்து நடுச் சண்டையில் கரண்ட் போய் சார்ஜும் போனால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து, மாற்றி எழுதிய கிளாஸை எப்படி எடைபோடுவது. எல்லாரும் 20ஆம் லெவலில் என்ன கிடைக்கிறது என்று போய்ப் பார்க்கிறார்கள். நான் பார்த்த மேசைகள் பெரும்பாலும் 10ஐத் தொடுவதற்குள் பரீட்சை, வேலை, கல்யாணம் என்று கலைந்துபோகிறவை. அதனால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இப்போது இருக்கிற லெவலில், தன் முறை வரும்போது அந்த ஆட்டக்காரருக்குச் செய்வதற்கு என்ன இருக்கிறது?

அந்தக் கணக்கில் மன்க் அமோகமாகத் தேறுகிறது. 2014 மன்க்குக்கு ஓடுவது, விலகுவது, தற்காப்பு எல்லாவற்றுக்கும் கீ பாயின்ட் (உள்ளாற்றல் புள்ளி) செலவு. 4ஆம் லெவலில் இருப்பதே நாலு பாயின்ட், ஒரு நல்ல சண்டையோடு தீர்ந்துபோகும், அப்புறம் அடுத்த ஓய்வு வரை மற்றவர்கள் உருட்டுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். புது மன்க், முறைக்கு ஒன்று கிடைக்கும் சின்னக் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனில் செலவே இல்லாமல் டேஷ் (ஓட்டம்) போடலாம், டிஸ்எங்கேஜ் (விலகல்) செய்யலாம். பாயின்ட் போட்டால் அதோடு இன்னொன்றும் சேர்ந்து கிடைக்கிறது. கீ இப்போது ஃபோகஸ் ஆகிவிட்டது. சண்டை தொடங்க, யார் முதலில் என்று பார்க்கும் இனிஷியேட்டிவ் உருட்டும்போது, லாங் ரெஸ்டுக்கு (முழு ஓய்வுக்கு) ஒரு தடவை, தீர்ந்த ஃபோகஸ் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கையால் அடிக்கும் பகடையும் டி4இலிருந்து (நாலு முகப் பகடை) டி6 (ஆறு முகம்) ஆகிவிட்டது.

ஆனால் உங்கள் நண்பனை உண்மையில் மயக்கப் போவது டிஃப்ளெக்ட் அட்டாக்ஸ். பழைய விதியில் அம்பு மாதிரி தூரத்திலிருந்து வருவதை மட்டும்தான் தடுக்க முடியும். இப்போது பக்கத்தில் நின்று அடிக்கும் கதாயுதம், கத்தி, ஈட்டி எல்லாவற்றுக்கும் அது செல்லும். அவனுடைய டெக்ஸ் (லாவகம்) 18, அதாவது கூட்டல் 4, என்று வைத்துக்கொள்வோம். ரியாக்‌ஷனில் ஒரு டி10 உருட்டி, டெக்ஸுக்கு 4, மன்க் லெவலுக்கு 4 கூட்டினால் சராசரி 13.5. ஓகர் என்ற ராட்சசன் தன் உலக்கையால் ஓங்கி அடிப்பது 2டி8 கூட்டல் 4, சராசரி 13. அதாவது ஓகரின் சராசரி அடியை வெறுங்கையால் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம். முழுசாகத் தடுத்துவிட்டால் ஒரு ஃபோகஸ் செலவழித்து அந்த அடியைப் பக்கத்தில் நிற்பவன்மேலேயே திருப்பவும் முயலலாம். டி.எம். ஆன உங்களுக்கும் ஒரு நிம்மதி: 5ஆம் லெவலில் வரும், எதிரியைச் செயலிழக்க வைக்கும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் இனி தன் முறை வரும்போது ஒரு தடவைதான், உங்கள் பெரிய வில்லனை ஒரே சுற்றில் நாலு தடவை சோதித்துப் பார்க்க முடியாது.

சரி, தங்கச்சிக்கு வருவோம், இங்கேதான் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். 2014 ரேஞ்சரில் காட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு கதை பாலைவனத்துக்குப் போனால் அந்தப் பக்கம் முழுக்க வீண். அது போய்விட்டது, நல்லது. மந்திரம் 1ஆம் லெவலிலேயே கிடைக்கிறது, 2ஆம் லெவலில் ஒரு திறமையில் எக்ஸ்பர்டைஸ் (இரட்டைத் தேர்ச்சி). ஆயுத மாஸ்டரியும் (ஆயுதத்துக்கு ஆயுதம் மாறும் தனித் திறன்) உண்டு, அதை அவர் சும்மா விடக்கூடாது. ஒரு கையில் ஷார்ட்ஸ்வர்ட், இன்னொரு கையில் சிமிட்டர் எடுக்கச் சொல்லுங்கள். சிமிட்டரின் நிக் மாஸ்டரியால் இரண்டாவது கை அடி அட்டாக் ஆக்‌ஷனுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பழைய விதியில் அந்த அடியும், ஒரு எதிரியைக் குறித்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு டி6 கூட்டும் ஹன்டர்ஸ் மார்க் மந்திரமும் ஒரே போனஸ் ஆக்‌ஷனுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இப்போது மார்க் போட்டுவிட்டே இரண்டு அடி, 5ஆம் லெவலில் மூன்று. மூன்றும் பட்டால் மார்க்கிலிருந்து மட்டும் சராசரி 10.5 கூடுதல். ஒன்றும் குறைச்சல் இல்லை.

பிரச்சினை, கிளாஸையே அந்த ஒரு மந்திரத்தின் தலையில் கட்டிவிட்டார்கள், அந்த மந்திரமோ இன்னும் கான்சன்ட்ரேஷன் கேட்கிறது, அதாவது ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்துக்கு மட்டும் கொடுக்கக்கூடிய, அடிபட்டால் கலையக்கூடிய கவனம். என்டேங்கிள் மந்திரம் போட்டால் மார்க் போச்சு, பாஸ் விதவுட் ட்ரேஸ் போட்டாலும் போச்சு. அதே ஓகர் தங்கச்சியை ஒரு அடி அடித்தால் டி.சி. 10 சேவ், அதாவது பகடையும் கூட்டலும் சேர்ந்து 10 வர வேண்டும், கான்ஸ்டிட்யூஷனுக்கு (உடல் உறுதிக்கு) 2 என்றால் பகடையில் 8 விழ வேண்டும். அடிபட்டு மார்க் கலையாத வரம் 13ஆம் லெவலில்தான் வருகிறது. 20ஆம் லெவலின் பரிசு என்ன தெரியுமா? மார்க்கின் டி6, டி10 ஆகிறது. அடிக்குச் சராசரி 2 கூடுதல். அவ்வளவு தூரம் ஏறிப் போனவருக்கு அதுவா கொடுப்பது!

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், 2022 செப்டம்பரில் சோதனைக்கு விட்ட வரைவில் ரேஞ்சரின் ஹன்டர்ஸ் மார்க்குக்குக் கான்சன்ட்ரேஷனே கிடையாது. அப்புறம் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். 1ஆம் லெவலிலேயே கொடுத்தால் மற்ற கிளாஸ்காரர்கள் ஒரே ஒரு லெவல் ரேஞ்சரில் நுழைந்து அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அது நியாயமான கவலைதான், ஆனால் அதற்குப் பூட்டு போட வேறு வழி இருக்கிறது. உங்கள் மேசையில் இப்படி வையுங்கள்: ரேஞ்சர் 5ஆம் லெவலிலிருந்து, ஃபேவர்ட் எனிமி என்ற ரேஞ்சர் திறன் தரும் இலவசத் தடவைகளில் போடும் மார்க்குக்கு மட்டும் கான்சன்ட்ரேஷன் வேண்டாம். வழக்கமான மந்திர ஸ்லாட் செலவழித்துப் போட்டால் வழக்கம்போல வேண்டும். அந்த லெவலில் இலவசத் தடவை மூன்று, ஆகவே கட்டுக்குள் இருக்கும். அடுத்த திருத்தப் பதிப்பு என்று ஒன்று வந்தால் நான் எதிர்பார்ப்பதும் இதுதான், கூடவே மார்க்கோடு ஒட்டாத ஒரு நல்ல உயர்லெவல் திறன்.

பாலடின்காரனின் முணுமுணுப்பில் உண்மை உண்டு. வாள் அடியோடு புனித சக்தியைச் சேர்க்கும் டிவைன் ஸ்மைட் இப்போது போனஸ் ஆக்‌ஷனில் போடும் மந்திரம், தன் முறை வரும்போது ஒன்றுதான், எதிரி கவுன்டர்ஸ்பெல் (எதிர் மந்திரம்) போட்டு அதைக் கலைக்கவும் முடியும். பதிலுக்கு நாளுக்கு ஒரு ஸ்மைட் இலவசம். தொட்டுக் குணப்படுத்தும் லே ஆன் ஹேண்ட்ஸும் போனஸ் ஆக்‌ஷன் ஆகிவிட்டது, விழுந்தவனை எழுப்பிவிட்டே வாள் வீசலாம். ஆனால் எழுப்புகிற முறையில் ஸ்மைட் கிடையாது, இரண்டும் ஒரே போனஸ் ஆக்‌ஷனைத்தான் கேட்கின்றன. வேண்டாம் என்றால் விடுங்கள், பழைய பாலடினும் புது மன்க்கும் ஒரே மேசையில் ஆடலாம், புது விதிகளே பழைய புத்தகங்களோடு சேர்ந்து ஓடும்படி எழுதியவைதான். ஒரு ஒழுங்கு மட்டும் வையுங்கள்: ஒருவர் ஒரு கிளாஸை எடுத்தால் அதை முழுக்கப் புதிதாக அல்லது முழுக்கப் பழசாக எடுக்கணும், இங்கே ஒரு துண்டு அங்கே ஒரு துண்டு கிடையாது. ஆயுத மாஸ்டரி புதுசுக்கு வந்தவர்களுக்கு மட்டும், பாலடின்காரன் மனம் மாறுவதற்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

கதை குழம்பாது. பெயர், லெவல், சாமான் எல்லாம் அப்படியே இருக்கட்டும், கிளாஸ் தாளை மட்டும் புதிதாக எழுதுங்கள். சண்டை நடுவில் மாற்ற வேண்டாம். தைப்பூசக் காவடி விரதம் வந்தால் சனிக்கிழமை ஆட்டம் எப்படியும் நிற்கும்தானே, அந்த இடைவெளி தோது. திரும்பக் கூடும் முதல் ராத்திரி கதைக்குள் போகாமல் இரண்டு ஓகரை இறக்கி ஒரு சண்டை மட்டும் வைத்துப் பாருங்கள்.