டேட்டாபேஸிலிருந்து எடுத்த தரவை மெமரியில் எதில் வைப்பது? வாசகர் கேள்விகள்

கேள்வி: மாங்கூழ் ஆலைக்கு எடைச்சீட்டு புரோகிராம் எழுதியிருக்கிறேன். சீட்டுகளை அர்ரேலிஸ்ட்டில் (ஜாவாவின் வரிசைப் பட்டியல்) எடுத்து, ஒவ்வொன்றுக்கும் விவசாயி பெயரை டேட்டாபேஸில் கேட்கிறேன். சீசனில் ரிப்போர்ட் வர நிமிடக்கணக்காகிறது. ஹேஷ்மேப் (கீ என்ற அடையாளத்தைக் கொடுத்தால் அதற்குரிய பதிவை நேராகத் தரும் அமைப்பு) போட்டால் சரியாகுமா? (காவேரிப்பட்டணம்)

பதில்: சரியாகும். ஆனால் அது தேவையா என்று முதலில் பாருங்கள். 4,000 சீட்டு இருந்தால் உங்கள் புரோகிராம் 4,001 முறை (சீட்டுகளை எடுக்க ஒன்று, பெயர்களுக்கு 4,000) டேட்டாபேஸைக் கூப்பிடுகிறது. நேரத்தைத் தின்பது லிஸ்ட் அல்ல, இந்தப் போக்குவரத்துதான். பெயர் மட்டும் வேண்டுமென்றால் சீட்டு, விவசாயி டேபிள் இரண்டையும் ஜாயின் செய்து (இணைத்து) ஒரே குவெரியில் வாங்கிவிடுங்கள். அட்வான்ஸ் கழிக்க, வண்டிக்கூலி போட என்று அதே விவரம் திரும்பத் திரும்பத் தேவைப்பட்டால், எல்லா விவசாயிகளையும் ஒரே குவெரியில் எடுத்து, விவசாயி எண்ணைக் கீயாக வைத்து ஹேஷ்மேப்பில் போடுங்கள். ஆட்கள் கூடினாலும் தேடும் நேரம் சராசரியாக ஏறாது.

இன்னொன்று: விவசாயி ஆப்ஜெக்ட்டையே கீயாக வைக்காதீர்கள். மேப்பில் போட்டபிறகு, ஹேஷ்கோட் (பதிவு எங்கே இருக்கிறது என்று மேப் கண்டுபிடிக்க உதவும் எண்) கணக்கில் சேரும் ஃபீல்டு ஒன்று மாறினால், பதிவு உள்ளே இருந்தும் பெரும்பாலும் கைக்குக் கிடைக்காது. இந்தப் பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

கேள்வி: தக்காளி விலையைத் தேதிவாரியாக ஹேஷ்மேப்பில் வைத்திருக்கிறோம். மண்டி நடக்காத நாளைக் கேட்டால் ஒன்றும் வருவதில்லை. (ராயக்கோட்டை)

பதில்: ஹேஷ்மேப்புக்கு முன்பின் வரிசை தெரியாது. உங்களுக்கு வேண்டியது 'அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ வந்த கடைசி விலை'. ஜாவாவில், கீக்களை வரிசையாக வைக்கும் ட்ரீமேப்பின் ஃப்ளோர்என்ட்ரி அதைத்தான் தரும். பைத்தானில் வரிசைப்படுத்திய லிஸ்ட்டும், அதைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் பைசெக்ட்டும் போதும். 10,000 தேதி இருந்தாலும் சுமார் 14 ஒப்பீட்டில் இடம் தெரிந்துவிடும். எப்போதாவது ஒரு நாள் விலைதான் பார்க்கிறீர்கள் என்றால், தேதியில் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போட்டு டேட்டாபேஸையே கேளுங்கள்.

கேள்வி: நடுவில் அடிக்கடி செருக லிங்க்டுலிஸ்ட் (ஒவ்வொரு பதிவும் அடுத்ததைக் காட்டும் பட்டியல்) நல்லதுதானே? (பாலக்கோடு)

பதில்: வேண்டாம். செருகும் இடத்துக்கு நடந்துபோகவே நேரம் போய்விடும். அர்ரேலிஸ்ட்டே பெரும்பாலும் வேகம்.

கேள்வி: பொருள் விலை, இருப்பு இரண்டையும் மேப்பில் வைத்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் மெமரி நிரம்பிவிடுகிறது. (ஓசூர்)

பதில்: மேப்புக்கு எல்லை வையுங்கள். ஜாவாவில், பதிவுகளின் வரிசையையும் நினைவில் வைக்கும் லிங்க்டுஹேஷ்மேப்பை உருவாக்கும்போது மூன்றாவது மதிப்பாக ட்ரூ கொடுத்து, ரிமூவ்எல்டெஸ்ட்என்ட்ரியை மாற்றி எழுதினால், ரொம்ப நாளாகத் தொடாத பதிவு தானே வெளியேறும். இந்த முறையில் கெட் செய்வதுகூட உள்வரிசையை மாற்றும். பல திரெட் (புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) தொடுவதாக இருந்தால் பூட்டு கட்டாயம்.

விலையை மேப்பில் வைக்கலாம். மாறியதும் அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள். இருப்பை வைக்கவே கூடாது. இரண்டு கவுண்டர்களும் பழைய எண்ணிக்கையைப் பார்த்து, இருக்கும் ஒரே மூட்டையை இரண்டு பேருக்கு விற்றுவிடும். 'இருப்பு போதுமானால் மட்டும் குறை' என்ற நிபந்தனையை அப்டேட்டிலேயே எழுதி, எத்தனை வரி மாறியது என்று பாருங்கள். பூஜ்யம் வந்தால் பில் போடாதீர்கள்.