வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்: நின்று நின்று திரும்பும் கோழிச் சளி

கேள்வி: முட்டைக்காக 120 கோழிகளைக் கொட்டகையில் வளர்த்து வருகிறேன். ஐப்பசி மழையின்போது சந்தையில் 30 பெட்டைகளை வாங்கி அவற்றோடு சேர்த்துவிட்டேன். நான்கே நாள்களில் தும்மலும் மூக்கொழுகலும் தொடங்கின. பல கோழிகளுக்கு முகம் வீங்கி, சளியில் கெட்ட நாற்றம் வீசுகிறது. நாள்தோறும் கிடைத்த 95 முட்டைகள் 60 ஆகக் குறைந்துவிட்டன. கடையில் கொடுத்த மருந்துத் தூளைத் தண்ணீரில் கலந்து வைத்தபோது குணம் தெரிந்தது. நிறுத்தியதும் மறுபடி வந்துவிட்டது. வேறு என்ன மருந்து கொடுக்கலாம்? இந்த முட்டைகளை விற்கலாமா? (வாசகி, பாகூர்)

பதில்: புதிய பெட்டைகள் வந்த சில நாள்களுக்குள் கொட்டகை முழுவதும் நோய் பரவியிருப்பதும், முக வீக்கமும், சளியின் நாற்றமும் கொரைசா என்னும் தொற்றுச்சளி நோயையே பெரிதும் சுட்டுகின்றன. அவிபாக்டீரியம் பாராகல்லினாரம் என்ற பாக்டீரியாவால் வரும் இந்நோய், தொற்றிய 1 முதல் 3 நாள்களில் வெளிப்பட்டுவிடும். முட்டை உற்பத்தியை 10 முதல் 40 சதவீதம் வரை குறைக்கும். மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் நாட்பட்ட சுவாச நோயோ மெல்லப் பரவுவது. கண்ணில் நுரை கட்டும், இரவில் கூர்ந்து கேட்டால் மூச்சில் கரகரப்பு தெரியும். இரண்டும் சேர்ந்தே தாக்குவதும் உண்டு. கோழிகள் திடீரெனக் கொத்தாக இறந்தாலோ, கழுத்து திருகிக்கொண்டு பச்சையாகக் கழிந்தாலோ, அது ராணிக்கெட் போன்ற வைரஸ் நோயாக இருக்கக்கூடும் என்பதால், உடனே அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள்.

மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியதற்குக் காரணம், மருந்து கிருமியை அடக்குகிறதே தவிர அடியோடு அகற்றுவதில்லை என்பதுதான். கொரைசா கிருமி கோழியின் உடலுக்கு வெளியே சில நாள்களுக்கு மேல் பிழைக்காது. பார்வைக்கு முழுக் குணமடைந்த கோழிகளே அதைச் சுமந்துகொண்டு, அடுத்து வாங்கி வரும் கோழிகளுக்குக் கொடுக்கின்றன. ஆகவே, மருந்தை மாற்றிப் பார்ப்பதைவிட, இனி இந்தக் கொட்டகைக்குள் ஒரு கோழியைக்கூடப் புதிதாகச் சேர்க்காமல் இருப்பதே முக்கியம் என்று அழுத்திச் சொல்வேன்.

மருந்து தேவைதான், ஆனால் பரிசோதனைக்குப் பிறகு. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் கிருமியின் செல்சுவரைத் தாக்குபவை; மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது என்பதால் அவை அதனிடம் பலிக்காது. தியாமுலின் நல்ல மருந்தே என்றாலும், தீவனத்தில் மோனென்சின் அல்லது சலினோமைசின் என்னும் ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து கலந்திருந்தால், இரண்டும் சேர்ந்து கோழிகளைக் கொன்றுவிடவும் கூடும். கொலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக் கலந்த தூளை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் அதைத் தருவது 2019 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. புதிதாக நோய் கண்ட, இன்னும் மருந்து கொடுக்காத இரண்டு மூன்று கோழிகளை உயிருடன் புதுச்சேரி குரும்பாப்பட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மருந்து கொடுக்கும் நாள்களிலும், அதன் பிறகு மருத்துவர் குறிப்பிடும் காலம் வரையிலும் முட்டைகளை விற்கவோ உண்ணவோ கூடாது. வேகவைத்தாலும் மருந்தின் எச்சம் முழுமையாக நீங்கிவிடாது. கொரைசா, மைக்கோபிளாஸ்மா ஆகிய இவ்விரு கிருமிகளும் மனிதருக்குத் தொற்றுவதில்லை.

மழைக்குப் பயந்து நான்கு புறமும் தார்ப்பாயால் மூடியிருந்தால், மேற்புறம் ஓரடியாவது திறந்துவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தால், அம்மோனியா ஏற்கெனவே கோழியின் மூச்சுக்குழலைப் புண்படுத்தும் அளவை எட்டியிருக்கும். நனைந்த கூளத்தை அள்ளிவிட்டு, உலர்ந்த உமியையோ கடலைத் தோலையோ பரப்புங்கள்.

முட்டைக்காலம் முடிந்ததும் கோழிகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் கழித்துவிட்டு, கொட்டகையைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, இரண்டு மூன்று வாரம் காலியாக விட்ட பிறகே ஒரே வயதுடைய புதிய தொகுதியை விட வேண்டும். அவற்றுக்கு 20 வாரத்துக்குள், நான்கு வார இடைவெளியில் இருமுறை கொரைசா தடுப்பூசி போடுங்கள்.

கேள்வி: அக்கம்பக்கத்து நாட்டுக்கோழிகள் எங்கள் கொட்டகையில் புகுந்து தண்ணீர் குடிக்கின்றன. தடுத்தே ஆக வேண்டுமா? (வாசகர், குறிஞ்சிப்பாடி)

பதில்: கட்டாயம் தடுக்க வேண்டும். நோயுள்ள கோழியின் மூக்குச்சளி விழுந்த தண்ணீரே கொரைசா பரவும் முக்கிய வழி. கம்பிவலை அடியுங்கள், தண்ணீர்த் தொட்டிகளைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள், நோயுற்றவை இருந்தால், நலமான கோழிகளுக்குத் தீவனம் வைத்து முடித்த பிறகே அவற்றிடம் செல்லுங்கள்.