இரண்டு கணினிகளில் ஒரே வாசிப்புப் பட்டியல்: எந்த ஃபீட் ரீடர்?

வாசகரின் கேள்வி: கல்லூரி நூலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். அலுவலகத்தில் இருப்பது விண்டோஸ் கணினி. வீட்டில் 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியில் உபுண்டு நிறுவியிருக்கிறேன். நூலகவியல் இதழ்கள், தமிழ் வலைப்பதிவுகள், இரண்டு நாளிதழ்கள், சில யூடியூப் சேனல்கள் என ஏறக்குறைய 60 தளங்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. புக்மார்க்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அலுத்துவிட்டது. பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் திரட்டித் தரும் ஃபீட் ரீடர் செயலிகளில், இரண்டு இயங்குதளங்களிலும் ஒரே மாதிரி இயங்குவது எது? அலுவலகத்தில் படித்து முடித்தவை வீட்டிலும் படித்தவையாகவே காட்டப்படுமா?

உங்கள் கேள்வியில் இரண்டு தேவைகள் கலந்திருக்கின்றன. ஒரு செயலி விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்குவது ஒன்று. நீங்கள் எதைப் படித்தீர்கள், எதைப் படிக்கவில்லை என்ற கணக்கு எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக இருப்பது இன்னொன்று. முதலாவதற்கு இலவசமாகவே நல்ல செயலிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தம் தரவை அந்தந்தக் கணினியின் வன்தட்டிலேயே சேமித்துக்கொள்கின்றன. எனவே ஒரே செயலியை இரண்டு இடத்திலும் நிறுவினால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றையொன்று அறியாத இரண்டு பட்டியல்கள்தான். செயலியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, அந்தக் கணக்கை எங்கே வைத்துக்கொள்வது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஃபீட் எனப்படும் செய்தியோடை (சுருக்கமாக ஓடை) செயல்படும் முறையைத் தெரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். ஒரு தளம் தன் அண்மைப் பதிவுகளின் தலைப்பு, இணைப்பு, தேதி, சுருக்கம் ஆகியவற்றை எக்ஸ்எம்எல் என்ற, செயலிகள் படிப்பதற்கேற்ற வடிவில் ஒரு கோப்பாக வெளியிடுகிறது. ஃபீட் ரீடர் குறிப்பிட்ட இடைவெளியில் அந்தக் கோப்பைப் பெற்று, முன்பு இல்லாதவற்றை மட்டும் புதியவையாகக் காட்டுகிறது. 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் தொடங்கிய ஆர்எஸ்எஸ், 2002-இல் வந்த அதன் 2.0 வடிவம், 2005-இல் தரநிலையாக்கப்பட்ட ஆட்டம் என வடிவங்கள் பல இருந்தாலும், இன்றைய ஃபீட் ரீடர்கள் எல்லாவற்றையும் படித்துவிடும் என்பதால் அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. தமிழ் வலைப்பதிவுகளைத் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் வழியாகப் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதும் அல்ல. எல்லோருக்கும் பொதுவாக அவை செய்த வேலையை ஃபீட் ரீடர் உங்கள் ஒருவருக்காகச் செய்கிறது.

பலர் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. ஓடைக் கோப்பில் ஒரு தளத்தின் எல்லாப் பதிவுகளும் இருப்பதில்லை; கடைசியாக வந்த சில மட்டுமே இருக்கும். வேர்ட்பிரஸ் தளங்களில் இயல்பமைவாக 10 பதிவுகள், யூடியூப் சேனலின் ஓடையில் 15 காணொளிகள். புதிது ஒன்று மேலே சேரும்போது பழையது ஒன்று கீழே விழுந்துவிடும். மாதம் இரண்டு முறை எழுதும் வலைப்பதிவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. நாளொன்றுக்கு நூறு செய்தி வெளியிடும் நாளிதழை எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகக் கணினியை அணைத்துவிட்டுத் திங்கள் காலையில் திறந்தால், இடைப்பட்ட இரண்டு நாட்களின் செய்திகள் ஓடையை விட்டு எப்போதோ போயிருக்கும். மேசைக்கணினிச் செயலி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவற்றை மீட்க முடியாது. நாள் முழுவதும் விழித்திருக்கும் ஒரு சேவையகம் உங்களுக்காக ஓடைகளைப் பெற்று வைத்திருந்தால்தான் இந்த இழப்பும் இருக்காது, இரண்டு கணினிகளிலும் படித்தவற்றின் கணக்கும் ஒன்றாக இருக்கும்.

அந்தச் சேவையகத்துக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஃபீட்லி, ஐனோரீடர், நியூஸ்பிளர், தி ஓல்டு ரீடர் போன்ற சேவைகளில் ஒன்றில் கணக்குத் தொடங்குவது எளிய வழி. இவற்றின் இலவசத் திட்டங்களில் ஓடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், அது அவ்வப்போது மாறவும் செய்யும். வெளிச் செயலிகளை இணைக்கும் வசதியைக் கட்டணத் திட்டத்தில் மட்டுமே தரும் சேவைகளும் உண்டு. ஆகவே 60 முகவரிகளையும் ஏற்றிய பிறகு ஏமாறாமல், இந்த இரண்டையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற திறமூல மென்பொருளைச் சொந்தமாக நிறுவிக்கொள்வது. அது பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. சாதாரண இணைய இடவசதியிலேயே இயங்கும். உங்களைப் போன்ற தனி ஒருவருக்கு எஸ்க்யூலைட் தரவுத்தளம் போதுமானது. கல்லூரியின் கணினிப் பிரிவினர் சேவையகத்தில் ஓர் இடம் ஒதுக்கித் தருவார்களானால் நான் இதையே பரிந்துரைப்பேன். நூலகத்தின் மற்ற பணியாளர்களுக்கும் அதிலேயே தனித்தனிக் கணக்குகள் தரலாம்.

இனி செயலிக்கு வருவோம். உங்கள் நிலைமைக்கு என் முதல் தேர்வு ஆர்எஸ்எஸ் கார்டு. க்யூட்டி என்ற கட்டமைப்பில் எழுதப்பட்ட இது விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்குகிறது. தனியாகவும் பயன்படும், மேற்சொன்ன சேவைகள் பலவற்றோடும் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸோடும் ஒத்திசையவும் செய்யும். தோற்றம் பழைய மின்னஞ்சல் செயலியைப் போலத்தான் இருக்கும். இடப்பக்கம் ஓடைகள், நடுவில் தலைப்புகள், கீழே உரை. அழகில் குறைந்தாலும் ஐந்நூறு தலைப்புகளை விரைவாகக் கண்ணோட்டம் விட இதைவிட வசதியான அமைப்பை நான் பார்த்ததில்லை. இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவிப் பொறி சேராத இலகு பதிப்பும் இதற்கு வெளியிடப்பட்டுள்ளது. வீட்டு மடிக்கணினிக்கு அதுவே பொருந்தும்.

இதற்கு மாறாக, கண்ணுக்கு இதமான தோற்றம் வேண்டுவோர் ஃப்ளூயன்ட் ரீடரைத் தேடிப் போவார்கள். அதுவும் மூன்று இயங்குதளங்களிலும் இயங்குவது, திறமூலமானது. ஆனால் அது எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் கட்டப்பட்டது. எலக்ட்ரான் செயலி ஒவ்வொன்றும் தன்னுள் ஒரு முழு குரோமியம் உலாவியைச் சுமந்துகொண்டு வருகிறது. ஒருமுறை எழுதி எல்லா இயங்குதளங்களிலும் ஓட்டலாம் என்பது உருவாக்குநருக்கு ஆதாயம், அதற்கான விலையை நினைவகத்தில் செலுத்துபவர் பயனர். அலுவலகக் கணினி 16 ஜிபி கொண்டதானால் அதில் இது உறைக்காது. 4 ஜிபி மடிக்கணினியில், ஏற்கெனவே உலாவியில் பத்துத் தாவல்கள் திறந்திருக்கும்போது, நன்றாகவே உறைக்கும்.

தண்டர்பேர்டையும் சொல்லியாக வேண்டும். மின்னஞ்சலுக்கு ஏற்கெனவே அதைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், புதிய கணக்குச் சேர்க்கும் இடத்திலேயே ஓடைகளுக்கான கணக்கையும் தொடங்கிக்கொள்ளலாம். வேறெதையும் நிறுவ வேண்டாம். ஒரே கணினியில் படிப்பவருக்கு அதுவே போதும் என்பேன். அதன் ஓடைக் கணக்கு இன்னொரு கணினியோடு ஒத்திசையாது என்பதால் உங்களுக்குப் பொருந்தாது. அதன் தரவுக் கோப்புறையை டிராப்பாக்ஸ் போன்ற மேகச் சேமிப்பில் வைத்து இரண்டு கணினிகளிலும் பயன்படுத்தலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள், வேண்டாம். இரண்டிலும் ஒரே நேரத்தில் செயலி திறந்திருந்தால் தரவுத்தளக் கோப்பு பழுதாகிவிடக்கூடும், மின்னஞ்சலும் அதே கோப்புறையில்தான் இருக்கிறது. லைஃப்ரியா, நெட்நியூஸ்வயர் ஆகியவை நல்ல செயலிகளே. ஆனால் முன்னது லினக்ஸுக்கும் பின்னது ஆப்பிள் கருவிகளுக்கும் உரியவை.

செயலியையும் சேவையகத்தையும் இணைக்கும்போது ஆர்எஸ்எஸ் கார்டில் "கூகுள் ரீடர் ஏபிஐ" என்ற தேர்வைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். கூகுளின் ஃபீட் ரீடர் சேவையாக இருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டுவிட்டது. ஆனால் செயலிகள் அதனோடு உரையாடிய முறையை, அதாவது அதன் ஏபிஐயை, மற்றச் சேவைகள் எடுத்துக்கொண்டதால், அது இன்றும் பொதுமொழியாக நிலைத்திருக்கிறது. ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் பயன்படுத்துவோர் இந்த இடத்தில் தடுமாறுவது வழக்கம்: அதன் நிர்வாகப் பகுதியில் ஏபிஐ அணுகலை முதலில் அனுமதிக்க வேண்டும், பிறகு உங்கள் சுயவிவரப் பக்கத்தில் ஏபிஐக்கென்று தனிக் கடவுச்சொல் ஒன்றை அமைக்க வேண்டும். நீங்கள் வழக்கமாக உள்நுழையும் கடவுச்சொல்லைச் செயலியில் இட்டால் அது ஏற்காது.

தளங்களைச் சேர்ப்பதற்குப் பெரும்பாலும் முகப்புப் பக்கத்தின் முகவரியை ஒட்டினாலே போதும். பக்கத்தின் தலைப்பகுதியில் ஓடையின் முகவரி குறிக்கப்பட்டிருந்தால் ஃபீட் ரீடர் தானே கண்டுகொள்ளும். கண்டுகொள்ளாவிட்டால், வேர்ட்பிரஸ் தளமானால் முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடும் "ஃபீட்" என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் சேர்த்துப் பாருங்கள். அதுவும் பலிக்கவில்லையென்றால், உலாவியில் கண்ட்ரோல் விசையோடு யூ விசையை அழுத்தி மூலநிரலைத் திறந்து, அதில் ஆர்எஸ்எஸ் அல்லது ஆட்டம் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். யூடியூப் தன் ஓடைகளை விளம்பரப்படுத்துவதில்லை, ஆனால் ஒவ்வொரு சேனலுக்கும் ஓடை உண்டு. சேனல் பக்கத்தின் முகவரியை ஒட்டினாலே அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும் ரீடர்கள் இருக்கின்றன.

நாளிதழ்களை மட்டும் முழுமையாகச் சேர்க்காதீர்கள். அவற்றின் மொத்த ஓடையைச் சேர்த்தால், படிக்காதவை ஆயிரத்தைத் தாண்டிவிடும். அந்த எண்ணைப் பார்த்துச் சலித்துப்போய் ஃபீட் ரீடரையே கைவிட்டவர்கள் பலர். நாளிதழ் கல்விக்கும் நூல்களுக்கும் தனித்தனி ஓடை தருமானால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் சொற்களைக் கொண்டு வடிகட்டும் விதிகளை அமைக்கலாம்.

தமிழ்ச் சொற்களுக்கு வடிகட்டி அமைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோடில் "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம்; திரையில் வேறுபாடு தெரியாது. "ஸ்ரீ" என்ற எழுத்துக்கும் இருவகைக் குறியீடுகள் புழக்கத்தில் உள்ளன. இவற்றைச் சமன்செய்துகொள்ளாத செயலியில், கண்ணெதிரே இருக்கும் தலைப்பு தேடலில் சிக்காது. அப்படி நேர்ந்தால் சொல்லைத் தட்டச்சு செய்யாமல் அந்தத் தலைப்பிலிருந்தே நகலெடுத்து வடிகட்டியில் ஒட்டுங்கள். உபுண்டுவில் தலைப்புகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லையென்று பொருள்; நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும்.

எல்லாம் அமைந்த பிறகு, ஓபிஎம்எல் என்ற வடிவில் உங்கள் ஓடைப் பட்டியலை ஏற்றுமதி செய்து, சேவையகத்துக்கு வெளியே ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நாளை சேவை மூடப்பட்டாலும் செயலி பிடிக்காமல் போனாலும், அந்தச் சிறிய கோப்பை வேறொரு ரீடரில் இறக்குமதி செய்தால் 60 தளங்களும் கோப்புறைப் பிரிவுகளோடு வந்துசேரும். படித்தவை, நட்சத்திரமிட்டவை ஆகியவற்றின் விவரம் பொதுவாக அதில் இருக்காது. எனவே பாதுகாக்க வேண்டிய கட்டுரைகளின் இணைப்புகளைத் தனியே குறித்துக்கொள்வது நல்லது. புதிய தளங்களைச் சேர்க்கும்போதெல்லாம் ஏற்றுமதியையும் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.