மலையிடுக்கில் ஒரு லட்சம் பேர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்து ஆண்டுகளாக அமெரிக்காவில், வட கரோலினாவின் சார்லட்டில் வசிக்கிறேன். சென்ற மாதம் ஒஹையோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காரில் போனோம். ப்ளூஃபீல்டில் பெருஞ்சாலையை விட்டிறங்கி, 52ஆம் எண் சாலையில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மக்டவல் கவுண்டிக்குள் (நம்மூர் மாவட்டம் போன்றது) நுழைந்தோம். ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் தண்டவாளம், தலைக்கு மேலே மலை. நடுவில் பூட்டிய கடைகளும் கூரை சரிந்த வீடுகளுமாக ஊருக்குப் பின் ஊர். பெட்ரோல் போட நின்ற இடத்தில் கல்லாவில் இருந்த பாட்டி, "உங்க ஆளுங்க எந்த ஊரு?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்படிப்பட்ட இடுக்கில் யார் ஊரைக் கட்டினார்கள்? தலைமுறை தலைமுறையாக அந்த மலைக்குள்ளேயே இருந்துவிட்ட ஸ்காட்-ஐரிஷ் (அயர்லாந்து வழியாக வந்த ஸ்காட்லாந்து வம்சாவளி) வெள்ளையர்கள் என்றுதான் படித்திருக்கிறேன். பிழைக்க வழியில்லாதபோதும் ஏன் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள்?

– சார்லட்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வி என்னை உறுத்தியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அவர்கள் கிளம்பிவிட்டார்கள். 1950 கணக்கெடுப்பில் மக்டவல் கவுண்டியின் மக்கள்தொகை 98,887. 2020-இல் 19,111. ஐந்தில் நான்கு பங்கு கரைந்துவிட்டது. 1950-க்கும் 1960-க்கும் இடையில் மட்டும் 27,000 பேருக்கு மேல் குறைந்தார்கள். நீங்கள் வழியில் பார்த்த பூட்டிய வீடுகளில் பல, அப்படிக் கிளம்பியவர்களின் வீடுகள். இவ்வளவு பேர் போன ஓர் இடத்தைப் பார்த்து "ஏன் போக மாட்டேன் என்கிறார்கள்" என்று கேட்பதில் எனக்கு வருத்தம் உண்டு. உங்கள்மேல் இல்லை. அப்பலாச்சியா என்னும் இந்த மலைப்பகுதி பற்றி நமக்கு வந்து சேரும் எழுத்தெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் கற்றுத் தருகிறது.

நான் அந்தக் கவுண்டிக்குப் போனதில்லை. கணக்கெடுப்பு எண்களையும் வரைபடங்களையும் வரலாற்று நூல்களையும் வைத்துக்கொண்டு பல மாதங்கள் அதோடு இருந்திருக்கிறேன். அந்த எண்களை வரிசையாகப் படித்தாலே ஒரு கதை கிடைக்கும். 1880-இல் 3,074 பேர். 1900-இல் 18,747. 1910-இல் 47,856. 1930-இல் 90,479. "தலைமுறை தலைமுறையாக" என்று நீங்கள் சொல்வது அந்த முதல் 3,000 பேருக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும்தான் பொருந்தும். மற்றவர்கள் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். 2020-இல் இருப்பது ஏறக்குறைய 1900-இல் இருந்த அளவு. ஆனால் 1900-இன் கூட்டம் ரயிலில் வந்திறங்கிய இளைஞர்களின் கூட்டம்.

நிலம் எப்படி இருக்கிறதென்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடி அது. ஒரு காலத்தில் மேட்டுச் சமவெளியாக இருந்ததை ஓடைகள் அறுத்து அறுத்துத் துண்டாக்கியிருக்கின்றன. 535 சதுர மைலில் சமதரை என்பது ஓடைக்கரை மட்டும். பக்கவாட்டில் பிரியும் ஒவ்வொரு சிறு பள்ளத்தையும் அங்கே 'ஹாலர்' என்பார்கள். ஒரே சிற்றோடை, ஒரே பாதை, உள்ளே போனால் வந்த வழியே திரும்ப வேண்டும். நீங்கள் எல்க்ஹார்ன் ஓடையோடு இறங்கியிருக்கிறீர்கள். நார்த்ஃபோர்க், கீஸ்டோன், கிம்பல் எல்லாம் அதன் கரையில் கோத்த மணிகள். அது டக் ஃபோர்க் ஆற்றில் கலக்கும் இடத்தில் கவுண்டியின் தலைநகரான வெல்ச் இருக்கிறது.

உழவுக்கு ஆகாத இந்த நிலத்துக்குள் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் நுழைந்தது 1880-களின் கடைசியில். இங்குள்ள போகஹான்டாஸ் படுகையின் நிலக்கரி புகை குறைவாக எரியும். கப்பல்கள் அதை விரும்பின. எஃகு ஆலைகளுக்கு வேண்டிய கோக் (நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்) அதில் நன்றாக வந்தது. சுரங்கவாய் எங்கே இருந்ததோ அங்கேயே வீடு கட்ட வேண்டியிருந்தது. கட்டியது கம்பெனி. வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, கூலியின் ஒரு பகுதி அந்தக் கடையில் மட்டும் செல்லும் 'ஸ்கிரிப்' வில்லையாகவே வந்தது. 1902-இல் யு.எஸ். ஸ்டீல் என்ற எஃகு நிறுவனம் தொடங்கிய கேரி என்ற ஊருக்கு, அந்த நிறுவனத்தின் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரையே வைத்தார்கள். உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

ஆள் வேண்டுமே? இத்தாலியர்கள், ஹங்கேரியர்கள், போலந்துக்காரர்கள் கப்பலேறி வந்தார்கள். வர்ஜீனியா, வட கரோலினா, அலபாமாவிலிருந்து கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அப்பலாச்சியா என்றால் வெள்ளையர் என்ற படத்தில் இவர்கள் இடம்பெறுவதே இல்லை. 1950-இலும் மக்டவலில் ஏறத்தாழ கால் பங்கினர் கறுப்பர்கள். சற்றுத் தெற்கே தேர்தல் வரி, எழுத்தறிவுச் சோதனை என்று அவர்களின் வாக்குரிமையைப் பறித்திருந்த காலத்தில் மேற்கு வர்ஜீனியாவில் அவர்கள் வாக்களித்தார்கள். சுரங்கத்தில் கரி அள்ளி நிரப்புபவருக்கு டன் கணக்கில் கூலி. நிறம் பார்க்காமல் ஒரே விகிதம். பள்ளிகள் மட்டும் சட்டப்படியே தனித்தனி. கீஸ்டோனிலிருந்து வெளிவந்த கறுப்பினப் பத்திரிகை 'மக்டவல் டைம்ஸ்' தன் கவுண்டியை 'மக்டவல் சுதந்திர நாடு' என்று பெருமையாக எழுதியது. 1928-இல் கீஸ்டோனைச் சேர்ந்த மினி பக்கிங்ஹாம் ஹார்ப்பர், இறந்த கணவரின் இடத்தில் மாநிலச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர். அதே 1928-இல்தான் கிம்பலில், முதல் உலகப் போரில் பங்கேற்ற கறுப்பின வீரர்களுக்காக நினைவு மண்டபம் எழும்பியது. 1991-இல் தீயில் எரிந்ததைப் பிறகு மீட்டெடுத்தார்கள். நீங்கள் போன சாலையில்தான் இருக்கிறது.

பிறகு இயந்திரங்கள் வந்தன. கையால் அள்ளி நிரப்பும் வேலையில் கறுப்பர்களே அதிகம் இருந்தார்கள். அந்த வேலைதான் முதலில் போனது. இன்று அங்கே அவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. கரி நிற்கவில்லை, அதை வெட்ட ஆள்தான் தேவைப்படவில்லை. 1960-இல் வாக்குக் கேட்டுப் போன ஜான் கென்னடி அந்த வறுமையை நேரில் பார்த்தார். 1961 மே 29 அன்று, அவர் அதிபரான பின் வந்த புதிய திட்டத்தின் முதல் உணவுக் கூப்பன்கள் வெல்ச்சில் வழங்கப்பட்டன. பதின்மூன்று பிள்ளைகளுடைய, வேலையிழந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரின் குடும்பம் 95 டாலர் மதிப்புள்ள கூப்பன்களைப் பெற்றது. நாட்டுக்கே கரி கொடுத்த ஊர் அது. இந்தக் காட்சியை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை.

1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது கரிக்கு மவுசு திரும்பியது. அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை ஏறக்குறைய அப்படியே நின்றது: 50,666-இலிருந்து 49,899. 1980-களில் கேரியின் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1990-இல் 35,233.

இனி, இருப்பவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்பது. மலைச்சரிவும் அதன் அடியில் உள்ளதும் பெரும்பாலும் வெளியூர் நிறுவனங்களின் சொத்து. சாமானியருக்குக் கிடைத்தது ஓடைக்கரையின் அந்த ஒற்றைப் பட்டை. 2001-இலும் 2002-இலும் வெள்ளம் வந்தது, 2025 பிப்ரவரியில் மறுபடி வந்தது. தண்ணீர் ஏறும்போது மேட்டுக்குப் போய் வீடு கட்டலாமே என்றால், மேடு அவர்களுடையதில்லை. வீட்டை விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. விற்ற பணம் சார்லட்டில் நெடுநாள் வாடகைக்குக் காணாது. உங்களுக்கு அந்த ஊர் வாடகை தெரியும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் மைத்துனன், குடும்பக் கல்லறைகள் இருக்கும் மேடு, எல்லாம் ஒரே ஹாலருக்குள் இருக்கும்போது, கிளம்புவது என்பது இவற்றையெல்லாம் விலை கொடுத்து வாங்கும் இடத்துக்குப் போவது. போக முடிந்தவர்கள் போனார்கள். சிலர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சிலருக்குப் போக மனமே இல்லை. பிறந்த மண்ணில் இருப்பதற்கு ஒருவர் நம்மிடம் காரணம் சொல்லியாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பாட்டி கேட்டது அந்த மலைகளில் வழக்கமான விசாரிப்பு. அறிமுகமில்லாதவரிடம் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அடுத்த முறை அக்கா வீட்டுக்குப் போகும்போது அதே இடத்தில் பெட்ரோல் போடுங்கள். உங்கள் ஊரைச் சொல்லுங்கள். பிறகு, அவருடைய தாத்தா எந்த ஊரிலிருந்து வந்து எந்தச் சுரங்கத்தில் இறங்கினார் என்று கேளுங்கள். அலபாமா என்று வரலாம், ஹங்கேரி என்று வரலாம், இந்த ஹாலரேதான் என்றும் வரலாம். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.