கம்பி துருப்பிடித்தால் அது என்ன பசுமை வீடு?

கேள்வி: ஐயா, கடலுக்கு முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஆயிரம் சதுர அடியில் வீடு கட்டப் போகிறோம். பசுமை வீடாகக் கட்டுவோம் என்று மகன் சோலார், விலை கூடின கண்ணாடி என்று பட்டியல் போடுகிறான். கொத்தனாரோ, அதெல்லாம் வீண் செலவு, போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறது, ஆரம்பிக்கலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, தேவிபட்டினம்

பதில்: இரண்டு பேரையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், அம்மா. முதலில் அந்தப் போர்வெல் தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பாருங்கள். கரித்தால் கான்கிரீட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கரிக்கவில்லை என்றாலும் ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் உச்சம் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456.

பசுமை வீடு வேண்டும் என்று எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்களிடம் சோலார் பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, வீடு எத்தனை வருஷம் நிற்கணும் என்றுதான் ஆரம்பிப்போம். சிமெண்டுக்கும் கம்பிக்கும் எரிகிற கரி கொஞ்சநஞ்சமா, பதினைந்து வருஷத்தில் இடித்துக் கட்டினால் அத்தனையும் இரண்டு தடவை. உங்கள் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன், பன்னிரண்டு வயசுதான் அந்த வீட்டுக்கு, சன்ஷேடுக்கு அடியில் விரலால் தட்டினேன், பூச்சு பத்தையாகக் கையோடு வந்துவிட்டது, உள்ளே கம்பி அடுக்கடுக்காக உரிந்து கிடக்கிறது. துருவேறினால் கம்பி ஊதும், ஊதினால் கான்கிரீட்டைப் பிளக்கும். அங்கே கம்பிக்கு வெளியே அரை இஞ்ச் கான்கிரீட்கூட இல்லை. கடல்காற்று நேராகப் படுகிற இடத்தில் கம்பியை மூடுகிற கான்கிரீட், அதாவது கவர், 45 மில்லிமீட்டர் வேண்டும், எம்30 என்கிற வலிமைத் தரத்தில் கான்கிரீட் வேண்டும். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியை முட்டுக்கொடுத்துச் சமாளித்தால் விடாதீர்கள். ஸ்லாக் சிமெண்ட் கேட்டு வாங்குங்கள், இரும்பாலைக் கசடு கலந்தது, உப்பு உள்ளே இறங்குவதை மட்டுப்படுத்தும்.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு, அதாவது செங்கலைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவில் இடம் விட்டுக் கட்டுவது, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பியது. செங்கல் கால்வாசி மிச்சமாகும், நடுவில் விடுகிற வெற்றிடம் வெயிலையும் தடுக்கும். உங்கள் கொத்தனாருக்குக் கைவராவிட்டால் சாதாரணக் கட்டே போதும், அரைகுறையாகக் கட்டினால் தலைவலிதான்.

அப்புறம் மழைத்தண்ணீர். குடத்துக்குக் காசு கொடுக்கிற ஊரில் இதை யாரும் முதலில் கேட்பதில்லை, ஏனோ! உங்கள் மொட்டைமாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர், ஐப்பசி கார்த்திகையில் 10 சென்டிமீட்டர் பெய்தாலே ஒன்பதாயிரம் லிட்டர் விழும். அதில் முக்கால்வாசியைப் பிடிக்கத் தரைக்கடியில் ஒரு தொட்டியைப் பிளானிலேயே போடச் சொல்லுங்கள். காசு மிஞ்சினால் மகன் சோலார் போடட்டும், ஸ்டாண்டு மட்டும் துருப்பிடிக்காததாக இருக்கணும்.

கேள்வி: தனுஷ்கோடி சர்ச் பவளக்கல்லில் கட்டியதுதானே? 1964 புயல் அடித்தும் சுவர் நிற்கிறதே, அந்தக் கல் இப்போது கிடைக்குமா?
- வாசகர், பாம்பன்

பதில்: யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள், பவளத்தை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அலை நேராகக் கரையில் மோதாமல் மறிப்பதும் கடலுக்குள் இருக்கிற அந்தப் பவளப் பார்தான், அதை உடைத்து வீடு கட்டினால் அந்த வீட்டுக்கே ஆபத்து. சர்ச் சுவரில் கவனிக்க வேண்டியது வேறு. கல்லும் சுண்ணாம்பும்தான், துருப்பிடிக்க உள்ளே கம்பி இல்லை. உங்கள் காம்பவுண்டு சுவரையாவது அப்படிக் கம்பியில்லாமல் கனமாகக் கட்டிப் பாருங்களேன்.